முதல் தடவை ஓடுது, ரெண்டாவது தடவை காலி: பைத்தான் இட்டரேட்டர் கோளாறை அறிகுறி வச்சு பிடிக்கிற வழி

படிச்ச வரி 4812, எழுதின வரி 0.

போன வருஷம் ஒரு நாள் காலைல லாக்ல இந்த ரெண்டு வரியையும் பார்த்துட்டு கையில இருந்த காபி ஆறிப்போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். எரர்னு ஒண்ணும் இல்ல, ஸ்கிரிப்ட் சமர்த்தா முடிஞ்சிருக்கு, எக்ஸிட் கோட் 0, அவுட்புட் ஃபைலும் இருக்கு, திறந்து பார்த்தா தலைப்பு வரி மட்டும் தனியா நிக்குது. முந்தின நாள் வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த ஸ்கிரிப்ட் அது, நான் சேர்த்தது ஒரே ஒரு வரிதான், அதுவும் எத்தனை வரி வருதுன்னு லாக்ல காட்டுறதுக்காக. அந்த எண்ணிப் பார்க்கிற வரியேதான் 4812 வரியையும் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கு. எப்படின்னு கீழ வரேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. கோட் எல்லாம் நாம வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன், எடிட்டர்ல போடும்போது ஃபார், இன், இட்டர், நெக்ஸ்ட் இதெல்லாம் இங்கிலீஷ்லதான் அடிக்கணும். வேரியபிள் பேரை மட்டும் தமிழ்லயே வச்சுக்கலாம், பைத்தான் 3 முகம் சுளிக்காம ஏத்துக்கும்.

இப்ப இட்டரபிள், இட்டரேட்டர்னு ரெண்டு வார்த்தை. பைத்தான் டாக்ஸ்ல எங்க போனாலும் இந்த ரெண்டும் வரும், கடைசில ஒரு எழுத்துதான் வித்தியாசம் மாதிரி தெரியும், நாமளும் கண்ணை ஓட்டிட்டுப் போயிடுவோம். கோளாறு எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற தினசரி காலண்டரை நினைச்சுக்கங்க, ராகுகாலம் எமகண்டம் போட்டு ஒவ்வொரு தாளா கிழிக்கிறது. அதுதான் இட்டரேட்டர். நெக்ஸ்ட் கூப்பிட்டா ஒரு தாள் கிழியும், கிழிச்சதை திரும்ப ஒட்ட முடியாது, எல்லாம் கிழிச்சப்புறம் வெறும் அட்டை தொங்கும், அதுக்கு மேல கிழிக்கப் போனா ஸ்டாப்இட்டரேஷன். லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி, ஸ்ட்ரிங் இதெல்லாம் காலண்டர் இல்ல, காலண்டர் அடிக்கிற பிரஸ், அதாவது வெறும் இட்டரபிள். போய் இட்டர் போட்டுக் கேட்டா ஒவ்வொரு தடவையும் புதுக் கட்டு ஒண்ணு அடிச்சுக் குடுக்கும்.

வம்பு என்னன்னா காலண்டர்கிட்டயே போய் காலண்டர் கேட்டாலும் அது இல்லைன்னு சொல்லாது, இந்தான்னு தன்னையே நீட்டும், பாதி கிழிஞ்சிருந்தாலும் சரி வெறும் அட்டையா இருந்தாலும் சரி. ஃபார் லூப் உள்ள போனதும் முதல்ல செய்யுற வேலையே இட்டர் போட்டுக் கேக்கிறதுதான், கிடைச்சது புதுசா பழசான்னு அதுக்குத் தெரியாது, அட்டையா இருந்தா சரி வேலை முடிஞ்சதுன்னு வெளிய வந்துடும். பைத்தான் டாக்ஸோட கிளாசரி பக்கத்துல இட்டரேட்டர்ங்கிற பதிவுல இதையே சொல்லியிருக்காங்க: தீர்ந்துபோன இட்டரேட்டரை திரும்ப லூப்ல விட்டா அதே ஆப்ஜெக்ட்தான் வரும், பார்க்கிறவங்களுக்கு காலியான பாத்திரம் மாதிரி தெரியும்னு. என்னைக் கேட்டா அந்த ஒரு வாக்கியத்தை மேப், ஃபில்டர், ஜிப், சிஎஸ்வி ரீடர்னு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒட்டி வச்சிருக்கணும், அடிபட்டு வர்றவன் எவனும் முதல்ல கிளாசரிக்குப் போறதில்ல.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இந்த டெஸ்ட் ஒண்ணைப் போட்டுருங்க, எதையும் கிழிக்காம சொல்லிடும்:

    இட்டர்(பொருள்) இஸ் பொருள்

ட்ரூன்னு வந்தா கையில இருக்கிறது காலண்டர், ஒரு தடவைதான். ஃபால்ஸ்னு வந்தா பிரஸ், அனேகமா எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டலாம். டைப்எரர் வந்தா ரெண்டுமே இல்ல.


முதல் லூப் சரி, ரெண்டாவது லூப் காலி

என் கதை இதுதான். சிஎஸ்வி ஃபைலைத் திறந்து ரீடர்னு ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், புதுசா சேர்த்த வரி இது:

    எண்ணிக்கை = சம்(1 ஃபார் _ இன் ரீடர்)

அப்புறம் ஏற்கனவே இருந்த ஃபார் வரி இன் ரீடர். சிஎஸ்வி ரீடர் ஒரு இட்டரேட்டர், சம் போட்டதுமே 4812 தாளும் கிழிஞ்சாச்சு, அடுத்த லூப்புக்கு அட்டைதான் கிடைச்சுது. இதே மாதிரி மேப்பை ஒரு தடவை சம்முக்கும் ஒரு தடவை மேக்ஸுக்கும் குடுக்கிறது:

    மதிப்பெண் = மேப்(இன்ட், வரிகள்)
    பிரிண்ட்(சம்(மதிப்பெண்))
    பிரிண்ட்(மேக்ஸ்(மதிப்பெண்))

இதுல மேக்ஸ் ஒரு வேல்யூஎரர் போட்டு நம்மள காப்பாத்தும், காலியானதுல பெருசு எதுன்னு சொல்றதுன்னு. வரிசையைத் திருப்பி மேக்ஸை முதல்லயும் சம்மை ரெண்டாவதாவும் போட்டீங்கன்னா சம் அமைதியா 0 குடுக்கும், அந்த 0 ரிப்போர்ட்ல ஏறி யாரோ ஒருத்தர் போன் பண்ற வரைக்கும் நமக்குத் தெரியாது. எரர் வர்றது எவ்வளவோ தேவலைன்னு அன்னைக்குத்தான் புரியும்.

எந்த ஃபங்ஷன் எதைக் குடுக்குதுன்னு மனப்பாடம் பண்ண வேண்டாம், டாக்ஸ்ல அந்த ஃபங்ஷனோட முதல் ஒண்ணு ரெண்டு வாக்கியத்தைப் படிச்சா போதும், திருப்பிக் குடுக்கிறது இட்டரேட்டரா, லிஸ்டா, வியூவான்னு அங்கேயே இருக்கும். மேப், ஃபில்டர், ஜிப், ரிவர்ஸ்டு, எனுமரேட் எல்லாம் இட்டரேட்டர் கூட்டம். சார்ட்டட் லிஸ்ட் குடுக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல ஃபைண்ட்ஆல் லிஸ்ட், ஃபைண்ட்இட்டர் இட்டரேட்டர். குளோப் மாடியூல்ல குளோப் லிஸ்ட், ஐகுளோப் இட்டரேட்டர். ஆனா பாத்லிப்ல பாத்தோட குளோப்னு அதே பேர்ல இருக்கிறது லிஸ்ட் குடுக்காது, ஒரு தடவை ஓடுறதுதான் வரும், பழைய குளோப்ல இருந்து பாத்லிப்புக்கு மாத்தும்போது பலபேர் கால் இடறுறது இந்தக் கல்லுலதான். ரேஞ்ச், டிக்ஷனரியோட கீஸ், வேல்யூஸ், ஐட்டம்ஸ் இதெல்லாம் சோம்பேறித்தனமா கேக்கும்போதுதான் குடுக்கும்னாலும் இட்டரேட்டர் இல்ல, எத்தனை தடவையும் ஓடும்.

இன்னொரு காரணம் பழைய கோட். பைத்தான் 2ல மேப், ஃபில்டர், ஜிப் மூணும் லிஸ்ட்தான் குடுத்துட்டிருந்துச்சு, 2008 டிசம்பர்ல வந்த 3.0லதான் இட்டரேட்டரா மாறுச்சு. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓட மூடுவிழா நடந்தாலும் அந்தக் காலத்து பதில்களும் காலேஜ் நோட்ஸும் இன்னும் சுத்திட்டுதான் இருக்கு, அதுல இருந்து எடுத்து ஒட்டினா இது வரும்.

சரி பண்றது எப்படி? டேட்டா சின்னதுன்னா யோசிக்காதீங்க, வாங்கின இடத்துலயே லிஸ்ட்(...)னு ஒரு சுத்து சுத்தி வச்சுக்கங்க, அப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டுங்க. இட்டரேட்டர்னா மெமரி மிச்சம், லிஸ்ட்னா பாவம்னு ஒரு பேச்சு இருக்கு, நாலாயிரம் வரிக்கு அதெல்லாம் சும்மா. ரெண்டு மூணு ஜிபி லாக் ஃபைல்னா வேற கதை, அங்க லிஸ்ட் போட்டா மிஷின் மூச்சு வாங்கும், அதனால ஒவ்வொரு தடவையும் புதுசா திறந்து குடுக்கிற மாதிரி ஒரு ஃபங்ஷனா எழுதிட்டு தேவைப்படும்போதெல்லாம் அதைக் கூப்பிடுங்க. ஃபைலை சீக்(0) போட்டு ஆரம்பத்துக்கு ஓட்டலாமேன்னு கேப்பீங்க, ஓட்டலாம், ஆனா ஒவ்வொரு வரியையும் டிக்ஷனரியா குடுக்கிற டிக்ட்ரீடரா இருந்தா தலைப்பை முதல் தடவையே படிச்சு ஞாபகம் வச்சிருக்கும், சீக் பண்ணதும் தலைப்பு வரியே டேட்டா வரி மாதிரி முதல் ஆளா வந்து நிக்கும். நான் அதுலயும் ஒரு தடவை மாட்டியிருக்கேன்.


லென் போட்டா திட்டுது, இஃப் போட்டா பொய் சொல்லுது

மேப்புக்கு லென் போட்டா டைப்எரர், இந்த மாதிரி ஆப்ஜெக்டுக்கு லென் கிடையாதுன்னு. ஜெனரேட்டர்ல (யீல்ட் போட்டு எழுதுற இட்டரேட்டர், கீழ வரும்) [0] போட்டா சப்ஸ்கிரிப்ட் பண்ண முடியாதுன்னு. பிரிண்ட் போட்டா மேப் ஆப்ஜெக்ட்னு சொல்லி பக்கத்துல ஒரு நீளமான அட்ரஸ் நம்பர். இதெல்லாம் நல்ல எரர், பார்த்ததும் புரிஞ்சிடும்.

இஃப்தான் கழுத்தறுப்பு. இஃப் முடிவுகள்: அப்படின்னு காலியா இருக்கான்னு பார்க்கிறது லிஸ்டுக்கு சரி, இட்டரேட்டருக்கு உள்ள ஒண்ணுமே இல்லைன்னாலும் ட்ரூதான் வரும், ஏன்னா தாள் எத்தனை இருக்குன்னு கிழிக்காம அதுக்கே தெரியாது. இருக்கான்னு பார்க்கணும்னா ஒண்ணைக் கிழிச்சுத்தான் பார்க்கணும்:

    குறி = ஆப்ஜெக்ட்()
    முதல் = நெக்ஸ்ட்(முடிவுகள், குறி)
    இஃப் முதல் இஸ் குறி:
        பிரிண்ட்("காலி")
    எல்ஸ்:
        முடிவுகள் = செயின்([முதல்], முடிவுகள்)

செயின் பைத்தானோடவே வர்ற இட்டர்டூல்ஸ் மாடியூல்ல இருக்கு, கிழிச்ச தாளை முன்னாடி குத்தி வைக்கிற வேலையை அது பண்ணும். நெக்ஸ்டுக்கு ரெண்டாவது மதிப்பா நன் (ஒண்ணும் இல்லைங்கிறதுக்கு பைத்தான் வச்சிருக்கிற மதிப்பு) குடுத்தா போதாதான்னா, டேட்டாலயே நன் வராதுன்னு உறுதியா தெரிஞ்சா போதும், வரும்னா மேல இருக்கிற மாதிரி தனியா ஒரு குறி வச்சுக்கங்க.


நெக்ஸ்ட் போட்டா "லிஸ்ட் ஆப்ஜெக்ட் இட்டரேட்டர் இல்ல"ன்னு வருது

பிரஸ்கிட்ட போய் தாள் கிழிக்கப் பார்க்கறீங்க. ரேஞ்சுக்கும் இதே எரர்தான். முதல்ல இட்டர்() போட்டு வேரியபிள்ல வாங்கிட்டு அதுல நெக்ஸ்ட் போடுங்க. நெக்ஸ்ட்(இட்டர்(லிஸ்ட்))னு ஒரே வரில லூப்புக்குள்ள போட்டா எரர் போயிடும், ஆனா தடவைக்குத் தடவை முதல் ஐட்டமே வந்துட்டிருக்கும், தினமும் புதுக் காலண்டர் வாங்கி ஜனவரி 1ஐ மட்டும் கிழிக்கிற மாதிரி.

இட்டரபிள் இல்லைன்னு வந்தா அது வேற எரர். அதுல இன்ட்னு பேர் இருந்தா ஃபார் ஐ இன் 5ன்னு எழுதியிருப்பீங்க, ரேஞ்ச் விட்டுப்போச்சு. நன்டைப்னு இருந்தா பத்துக்கு அஞ்சு தடவை லிஸ்ட்.சார்ட்() திருப்பிக் குடுத்ததை வாங்கி வச்சிருப்பீங்க, அது லிஸ்டை அங்கேயே அடுக்கிட்டு நன்தான் குடுக்கும்.


எல்லாம் வருது, நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் காணோம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்ப நேரம் தின்ன அறிகுறி இது. முழுசா காலியா இருந்தா கண்ணுல படும், ஆயிரத்துல ஒண்ணு காணாமப் போனா யார் பார்க்கிறா.

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இன். ஒரு இட்டரேட்டர்ல இஃப் 3 இன் எண்கள்னு கேட்டா அது 3 கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு தாளா கிழிச்சுக்கிட்டே போகும், தீபாவளி என்னைக்குன்னு பார்க்க காலண்டரைக் கிழிச்சுட்டே போற ஆள் மாதிரி. கிடைச்சதும் நிறுத்திடும், அதுவரைக்கும் வந்ததெல்லாம் போச்சு, அந்த 3ம் சேர்த்து. கிடைக்கலைன்னா மொத்தமும் போச்சு. எனி, ஆல் ரெண்டும் இதே ரகம், பதில் தெரிஞ்ச இடத்துல நிறுத்தும், அதுவரைக்கும் தின்னது தின்னதுதான்.

ரெண்டாவது ஆள் ஜிப். இதை நீங்களே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க:

    அ = இட்டர்([1, 2, 3, 4])
    ஆ = இட்டர்([10, 20])
    லிஸ்ட்(ஜிப்(அ, ஆ))     → [(1, 10), (2, 20)]
    லிஸ்ட்(அ)              → [4]

3 எங்க? ஜிப் இடமிருந்து வலமா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு தாள் வாங்கும். மூணாவது சுத்துல அகிட்ட 3ஐ கிழிச்சு கையில வச்சுக்கிட்டு ஆகிட்ட போச்சு, அங்க அட்டைதான் இருந்துச்சு, ஜோடி சேரலைன்னு முடிச்சுக்கிச்சு, கையில இருந்த 3ஐ யார்கிட்டயும் குடுக்கல. ஜிப்(ஆ, அ)ன்னு திருப்பிப் போட்டா லிஸ்ட்(அ) [3, 4]ன்னு சரியா வரும், ஏன்னா அட்டை முதல்லயே தெரிஞ்சுபோச்சு. ரெண்டும் ஒரே நீளமா இருந்தே ஆகணும்ங்கிற இடத்துல ஸ்ட்ரிக்ட்=ட்ரூ போட்டுருங்க, 3.10ல இருந்து இருக்கு, நீளம் ஒத்துப்போகலைன்னா வேல்யூஎரர் போடும். மிச்சம் வேணும்ங்கிற இடத்துல சின்னதை முதல்ல வைங்க, இல்ல இட்டர்டூல்ஸ்ல ஜிப்_லாங்கஸ்ட் இருக்கு.

மூணாவது ஆள் நாமளே. லூப் ஓடிட்டிருக்கும்போது உள்ள நெக்ஸ்ட் போட்டு அடுத்த வரியை எட்டிப் பார்ப்போம், அதே இட்டரேட்டர்னா லூப்புக்கு அந்த வரி வராது. சில நேரம் அதுதான் வேணும், தலைப்பு வரியைத் தாண்ட நெக்ஸ்ட்(ரீடர்) போடுறோமே அது மாதிரி. எட்டிப் பார்க்க மட்டும்னா 3.10ல வந்த பேர்வைஸ் போதும், இப்பவும் அடுத்ததும் ஜோடியா வரும்.


லூப்புக்குள்ள நீக்கினேன், பாதிதான் நீங்குச்சு

    எண்கள் = [1, 2, 2, 3]
    ஃபார் எ இன் எண்கள்:
        இஃப் எ == 2:
            எண்கள்.ரிமூவ்(எ)

முடிவு [1, 2, 3]. லிஸ்டோட இட்டரேட்டர் உள்ள வச்சிருக்கிறது ஒரு இடம் நம்பர் மட்டும்தான். இடம் 1ல இருந்த 2ஐ நீக்கினதும் பின்னாடி இருந்ததெல்லாம் ஒரு அடி முன்னாடி நகர்ந்துச்சு, அடுத்த 2 இடம் 1க்கு வந்துடுச்சு, இட்டரேட்டரோ இடம் 2ஐப் பார்க்கப் போயிடுச்சு. எரர் கிடையாது. லூப்புக்குள்ள அப்பெண்ட் பண்ணா ஓடிக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது.

டிக்ஷனரி இந்த விஷயத்துல கறாரு, லூப் நடுவுல கீயைச் சேர்த்தாலோ நீக்கினாலோ இட்டரேஷன் நடக்கும்போது சைஸ் மாறிடுச்சுன்னு ரன்டைம்எரர் போட்டுடும். ஏற்கனவே இருக்கிற கீயோட மதிப்பை மாத்துறதுல பிரச்சினை இல்ல. ஃபார் கீ இன் லிஸ்ட்(டி)ன்னு நகல் மேல ஓட்டுங்க, லிஸ்டா இருந்தா வேணுங்கிறதை மட்டும் பொறுக்கி புது லிஸ்ட் கட்டுங்க, அதுதான் சுத்தம்.


"கீஎரர்: 0" வருது, நான் 0 கேக்கவே இல்லையே

கான்ஃபிக் மாதிரி ஒரு கிளாஸ் எழுதி உள்ள ஒரு டிக்ஷனரி வச்சு, ஸ்கொயர் பிராக்கெட் போட்டு எடுக்கிறதுக்காக __கெட்ஐட்டம்__ மட்டும் எழுதியிருப்பீங்க. யாரோ அது மேல ஃபார் ஓட்டினாங்க, இல்ல "போர்ட்" இன் கான்ஃபிக்னு கேட்டாங்க, உடனே கீஎரர் 0.

இது தாத்தா காலத்துப் பழக்கம். இட்டரேட்டர்னு ஒரு முறை வந்ததே 2001 டிசம்பர்ல வந்த பைத்தான் 2.2லதான், பெப் 234ங்கிற முன்மொழிவு (பைத்தான்ல மாத்தம் கொண்டு வர எழுதுற ஆவணம்) மூலமா. அதுக்கு முன்னாடி ஃபார் லூப் 0, 1, 2ன்னு நம்பர் போட்டு ஒவ்வொண்ணா கேட்டுட்டே போகும், இண்டெக்ஸ்எரர் வந்தா நிறுத்தும். பழைய கோட் உடையக் கூடாதுன்னு அந்த வழியை இன்னிக்கும் மூடல, __இட்டர்__ இல்லைன்னா அந்தப் பக்கம் போகும். உங்க டிக்ஷனரில 0ன்னு கீ இல்ல, அதான் எரர். எந்த நம்பர் கேட்டாலும் ஏதாவது ஒரு மதிப்பு குடுக்கிற கிளாஸா இருந்தா இன்னும் மோசம், லூப் முடியவே முடியாது. ஒழுங்கா ஒரு __இட்டர்__ எழுதுங்க, இல்ல இது மேல லூப் ஓட்டவே கூடாதுன்னா __இட்டர்__ = நன்னு கிளாஸ்ல போட்டுருங்க, நேரா டைப்எரர் வரும். இட்டரபிள்ங்கிற கிளாஸை வச்சு இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டா இந்த பழைய ரகத்துக்கு ஃபால்ஸ்னு சொல்லும், ஆனா லூப் என்னமோ ஓடும், அதனால இட்டர்() போட்டுப் பார்க்கிறதுதான் நம்பகமான வழின்னு டாக்ஸே சொல்லுது.


நானே எழுதின கிளாஸ், தனியா ஓட்டினா சரி, லூப்புக்குள்ள லூப் போட்டா குறையுது

மூணு ஐட்டம் இருக்கிற பொருள் மேல ரெண்டடுக்கு லூப் போட்டா ஒம்பது ஜோடி வரணும். மூணுதான் வருதுன்னா உங்க __இட்டர்__ இப்படி இருக்கும்: செல்ஃப்.இடம் = 0, ரிட்டர்ன் செல்ஃப். வெளி லூப் முதல் ஐட்டத்தை எடுக்கும், உள் லூப் வந்து அதே இடத்தை 0க்குத் திருப்பி மூணையும் ஓட்டி முடிச்சிடும், வெளி லூப் திரும்பி வந்து பார்த்தா அட்டை. 0 ஆக்குற வரியும் இல்லைன்னா ரெண்டு ஜோடிதான் தேறும். பிரஸ்ஸையும் காலண்டரையும் ஒரே ஆள்ல திணிச்சதோட விளைவு, நிறைய டுட்டோரியல்ல இப்படித்தான் சொல்லிக் குடுக்கிறாங்க, கிளாஸ் ஒண்ணு, உள்ள __இட்டர்__ __நெக்ஸ்ட்__ ரெண்டும், பார்க்க அழகா இருக்கும்.

__நெக்ஸ்ட்__ஐ தூக்கிடுங்க. __இட்டர்__ஐ ஜெனரேட்டரா எழுதுங்க:

    டெஃப் __இட்டர்__(செல்ஃப்):
        ஃபார் பொ இன் செல்ஃப்.பொருட்கள்:
            யீல்ட் பொ

அவ்வளவுதான், ஒவ்வொரு லூப்புக்கும் தனித்தனி கட்டு. யீல்ட் வேண்டாம்னா ரிட்டர்ன் இட்டர்(செல்ஃப்.பொருட்கள்). அங்க இட்டர் போடாம லிஸ்டையே ரிட்டர்ன் பண்ணா, இட்டர் குடுத்தது இட்டரேட்டர் இல்லைன்னு ஒரு டைப்எரர் வரும். பைத்தான் 2ல இருந்து கொண்டு வந்த கிளாஸுக்கும் இதே எரர் வரும், அங்க அந்த மெத்தட் பேர் வெறும் நெக்ஸ்ட், 3லதான் அண்டர்ஸ்கோர் சேர்ந்துச்சு.

தனி இட்டரேட்டர் கிளாஸ்தான் வேணும்னா, தீர்ந்தப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் ஸ்டாப்இட்டரேஷன்தான் குடுக்கணும், நடுவுல மனசு மாறக் கூடாது. அப்படி மாறுற இட்டரேட்டரை டாக்ஸ் உடைஞ்சதுன்னே சொல்லுது. லிஸ்ட் இட்டரேட்டரைப் பாருங்க, ஒரு தடவை தீர்ந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் லிஸ்ட்ல புதுசா அப்பெண்ட் பண்ணாலும் அது திரும்பிப் பார்க்காது.


ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், ஒண்ணுமே நடக்கல

உள்ள எங்கயாவது ஒரு யீல்ட் இருக்கும். யீல்ட் இருந்தா அது ஜெனரேட்டர், கூப்பிட்டதும் ஓடாது, முதல் நெக்ஸ்ட் வரும்போதுதான் முதல் வரியே ஓடும். அதனால ஆரம்பத்துல போட்ட சரிபார்ப்பு, தப்பான மதிப்பு வந்தா ரெய்ஸ் பண்றது, எல்லாம் கூப்பிட்ட இடத்துல வெடிக்காம பத்து ஃபைல் தாண்டி லூப் ஓடுற இடத்துல வெடிக்கும். சரிபார்ப்பை ஒரு சாதா ஃபங்ஷன்ல வச்சுட்டு அது ஜெனரேட்டரைக் கூப்பிட்டு ரிட்டர்ன் பண்ற மாதிரி பிரிச்சுடுங்க.

மூடின ஃபைல்ல படிக்க முடியாதுன்னு வேல்யூஎரர் வருதா? வித் போட்டு ஃபைலைத் திறந்து, உள்ள இருந்து ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனை ரிட்டர்ன் பண்ணியிருப்பீங்க. ரிட்டர்ன் ஆனதுமே வித் ஃபைலை மூடிடும், படிக்க ஆரம்பிக்கிறது அதுக்கப்புறம்தான். ரிட்டர்னுக்கு பதிலா வித்துக்கு உள்ளயே லூப் போட்டு யீல்ட் பண்ணுங்க, படிச்சு முடியுற வரைக்கும் ஃபைல் திறந்திருக்கும்.

ஜெனரேட்டர் ஸ்டாப்இட்டரேஷன் எழுப்பிடுச்சுன்னு ரன்டைம்எரர் வந்தா, ஜெனரேட்டருக்குள்ள வெறும் நெக்ஸ்ட்(...) ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கும். முன்னாடியெல்லாம் அந்த ஸ்டாப்இட்டரேஷன் வெளிய கசிஞ்சு ஜெனரேட்டரையே சத்தமில்லாம முடிச்சு வச்சிடும், டேட்டா பாதில நின்னுடும், ஏன்னு தெரியாது. பெப் 479 அதை அடைச்சுது, 2018ல வந்த 3.7ல இருந்து எல்லாருக்கும் இதுதான். பழைய லைப்ரரி 3.6 வரைக்கும் ஓடிச்சு, அப்டேட் பண்ணதும் செத்துப்போச்சுன்னா முதல்ல இதைத் தேடுங்க. நெக்ஸ்டை ட்ரைக்குள்ள போட்டு, எக்ஸெப்ட்ல ரிட்டர்ன் எழுதினா சரியாப் போயிடும்.


குரூப்பை பண்ணேன், குரூப் எல்லாம் காலி

இட்டர்டூல்ஸ்ல ஒரே கீ உள்ள அடுத்தடுத்த ஐட்டத்தைச் சேர்க்கிற குரூப்பைங்கிற ஃபங்ஷன் குடுக்கிற ஒவ்வொரு குரூப்பும் ஒரே காலண்டரைப் பங்கு போட்டுக்கிற ஆளுங்க, அடுத்த குரூப்புக்கு நகர்ந்ததும் முந்தின குரூப்ல ஒண்ணும் இருக்காது. லிஸ்ட்(குரூப்பை(...)) போட்டா எல்லாத்தையும் நகர்த்திட்டுத்தான் உங்க கைக்கு வரும். லூப்புக்குள்ளயே லிஸ்ட்(குரூப்) போட்டு எடுத்து வச்சுக்கங்க. குரூப் உடைஞ்சு உடைஞ்சு வருதுன்னா அது இட்டரேட்டர் தப்பு இல்ல, அதே கீ வச்சு சார்ட் பண்ணாம குடுத்திருக்கீங்க. இட்டர்டூல்ஸ்லயே இருக்கிற டீங்கிற ஃபங்ஷன் போட்டு ஒரு இட்டரேட்டரை ரெண்டா பிரிச்சவங்க அதுக்கப்புறம் ஒரிஜினலைத் தொடாதீங்க, தொட்டா ரெண்டு பக்கமும் தாள் குறையும். ரெண்டு திரெட் ஒரே ஜெனரேட்டரை இழுத்தா, ஏற்கனவே ஓடிட்டிருக்குன்னு வேல்யூஎரர் வரும், நடுவுல ஒரு பூட்டு (திரெட் லாக்) இல்லைன்னா ஒரு கியூ வேணும்.


பிரிண்ட் போட்டுப் பார்த்தா கெட்டுப்போகுது, எடுத்தா சரியாகுது

டிபக் பண்றதுக்காக லிஸ்ட்(ரீடர்)ஐ பிரிண்ட் பண்ணியிருப்பீங்க, இல்ல டிபக்கரோட வாட்ச் பேனல்ல லிஸ்ட்(ரீடர்)னு எழுதி வச்சிருப்பீங்க, அது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போய் கிழிச்சுட்டு வரும். என்னோட அந்தக் காலைல நான் பண்ணதும் இதேதான், 0 ஏன் வருதுன்னு பார்க்க லூப்புக்கு முன்னாடி இன்னொரு லிஸ்ட் பிரிண்ட் போட்டேன், அதுவும் காலின்னு காட்டுச்சு, அப்ப ஃபைல்லதான் ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணி அரை மணி நேரம் ஃபைல் அனுப்பினவங்களைக் கேள்வி கேட்டுட்டிருந்தேன், அவங்களும் பாவம் மறுபடி ரெண்டு தடவை அனுப்பினாங்க.

கடைசில சம் வரியைத் தூக்கிட்டு எண்ணுறதை லூப்புக்குள்ளயே கொண்டு போயிட்டேன்:

    எண்ணிக்கை = 0
    ஃபார் எண்ணிக்கை, வரி இன் எனுமரேட்(ரீடர், 1):
        எழுது(வரி)
    பிரிண்ட்("எழுதின வரி", எண்ணிக்கை)

மேல அந்த 0 எதுக்குன்னா, ஃபைல் உண்மையிலேயே காலியா வந்தா லூப் ஒரு தடவை கூட ஓடாது, அப்ப எண்ணிக்கைன்னு ஒரு வேரியபிளே உருவாகியிருக்காது, பிரிண்ட்ல நேம்எரர் வரும்.